சுட்ட பரங்கிக்காய்ச் சூப்பு



மேலைநாட்டுச் சமையல் நூல்களில் 'குளிர்காலப் பூசணி' என்றொரு பெயரைக் காணலாம். குளிர்காலமே இல்லாத நம் மலேசிய நாட்டில் அக்காய்க்கு என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். அது குளிர்காலத்தில் விளைவதன்று. கோடையில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் அறுவடையாகி, தடித்த தோலின் காரணமாகக் குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருப்பதனால் அப்பெயர் பெற்றது. நம் வீட்டுப் பரங்கிக்காயும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மலாய் மொழியில் அதனை 'லாபு மானிஸ்' என்பர். தமிழிலோ பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, அரசாணிக்காய் என ஊருக்கொரு பெயர் உண்டு. திருஷ்டி கழிக்க உடைக்கும் நீற்றுப்பூசணி வேறு. அதனை மலாய்க்காரர்கள் 'குண்டூர்' என்பர். கடையில் வெறுமனே 'பூசணி' என்று கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல இயலாது!

நீற்றுப்பூசணி ஆசியாவுக்கே உரியது. பரங்கியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492ஆம் ஆண்டில் கொலம்பசு அங்குச் சென்ற பின்னரே அது கடல் கடந்து கீழ்த்திசைக்கு வந்தது. ஐரோப்பியரை, சிறப்பாகப் போர்ச்சுக்கீசியரை, நம் முன்னோர் 'பரங்கியர்' என்றனர். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றியவர்களும் அவர்களே. அவர்களோடு தொடர்புபடுத்தியே இக்காய்க்கும் பெயர் அமைந்தது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் மக்கள் பலர் லயத்தின் பின்புறம் இக்கொடியைப் படரவிட்டனர். அதனை வளர்ப்பது எளிது. காய்க்க வைப்பதில்தான் கவனம் வேண்டும். ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் சிறு உருண்டை ஒன்று இருக்கும், அதுவே பிஞ்சு. ஆண்பூவுக்கு வெறும் காம்பு மட்டுமே. விடியற்காலையில் மலரும் இப்பூக்கள் நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்க வேண்டும். காலையில் மழை பெய்தால் தேனீ வாராது. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கொடி நிறையப் பூ இருந்தும் காய் இல்லையே என்று வருந்துவோர் இதனை அறிதல் நன்று. ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தொட்டுவிட்டால் தேனீயின் வேலையை நாமே செய்துவிடலாம். பள்ளித் தோட்டத்தில் காலை மணி அடிக்கும் முன்னரே இதனை முடித்துவிட வேண்டும்.

நீர் தேங்கினால் கொடி அழுகும். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் பலமாகப் பெய்யும் மாதங்களில் அங்குப் பரங்கி பயிரிடுவது கடினம். காம்பு உலர்ந்து கட்டை போலாகி, நகத்தால் கீறினாலும் தோல் இறங்காதிருந்தால் காய் முற்றிவிட்டது என அறியலாம். காம்பை இரண்டு அங்குல அளவு விட்டே அறுக்க வேண்டும். காம்பொடிந்த காய் அவ்விடத்திலிருந்து அழுகத் தொடங்கும். சந்தையில் வாங்கும்போதும் இதனைப் பாருங்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. நீரில் வேகவைத்தால் சுவை மேலும் நீர்த்துப்போகும். சுட்டால் நீர் ஆவியாகி, இனிப்பு செறிந்து, ஓரங்கள் பழுப்பேறி மணம் பெறும். பரங்கி என்றாலே தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகளும் சுட்டதை உண்பர் என்பது நம் கருத்து.

ஒரு கிலோ எடையுள்ள காயை எடுத்துக்கொள்வோம். தோல் கடினமானது, கத்தி வழுக்கும். ஆகவே, வெட்டுவது பெரியவர்களின் பணி. இரண்டாகப் பிளந்து, விதைகளை வழித்தெடுத்து, வெட்டிய பக்கத்தில் எண்ணெய் தடவி, அப்பக்கம் கீழிருக்கத் தட்டில் கவிழ்த்து, 200 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஓவனில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். முள்கரண்டி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. ஓவன் இல்லாத வீட்டில் துண்டுகளாக்கி, கனத்த இரும்புச் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, சிறுதீயில் மூடிவைத்துப் புரட்டிப் புரட்டிச் சிவக்க விடலாம்.

பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், சிறு துண்டு இஞ்சி, நசுக்கிய எலுமிச்சைப் புல் ஒரு தண்டு ஆகியவற்றை வதக்கி, பரங்கியின் சதையைச் சேர்த்து, மூன்று குவளை நீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுக. பின்னர் புல்லை எடுத்துவிட்டு, ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். கையும் முகமும் வெந்துபோகும். அரைத்ததை மீண்டும் அடுப்பிலேற்றி, கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் குவளை, உப்பு, சரவாக் மிளகுத்தூள் சேர்த்துச் சூடேறியதும் இறக்குக. பலமாகக் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

தேங்காய்ப்பால் சுவைக்காக மட்டுமன்று. பரங்கிக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. கொழுப்புடன் உண்டால்தான் அது நன்கு உடலில் சேரும். அந்த வைட்டமின் குறைந்த குழந்தைக்கு முதலில் அந்தி நேரத்தில் கண் தெரியாது, அதுவே மாலைக்கண். கவனியாது விட்டால் பார்வையே போய்விடும். மலாய் மக்கள் பரங்கியை 'மாசாக் லெமாக்' எனத் தேங்காய்ப்பாலில் சமைப்பதும், நாம் எண்ணெயில் தாளித்துக் கூட்டு வைப்பதும் இவ்வகையில் நல்ல பழக்கங்களே.

வழித்தெடுத்த விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பிட்டு வறுத்துச் சூப்பின் மேல் தூவலாம். சிலவற்றை நடுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், பக்கத்து வேலியில் வேறு வகைப் பரங்கி பூத்திருந்தால் தேனீ இரண்டையும் கலந்திருக்கும். அவ்விதையில் முளைத்த கொடி எவ்வகைக் காய் தரும் என்பது அது காய்த்த பின்னரே தெரியும்.