எரிசக்திச் சிக்கனம்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் தரும் பாடம்

ஒரு நாட்டின் எரிசக்தி நுகர்வு எவ்வளவு என்பதை வைத்தே அதன் வளர்ச்சியை அளவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இக்கருத்தை மாற்றியது. ஒரு டன் எஃகை உருக்கவும், ஒரு கிலோ தேயிலையை உலர்த்தவும், ஒரு வயலுக்கு நீர் இறைக்கவும் எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்ற கேள்வி அதன் பின்னரே திட்டமிடுவோரின் கவனத்தைப் பெற்றது. இந்தியாவில் 1978இல் பெட்ரோலியப் பொருள்களின் சிக்கனத்திற்கெனத் தனி ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டம் இம்முயற்சிகளுக்குச் சட்ட வடிவம் அளித்தது. அச்சட்டத்தின்படி 2002 மார்ச் 1 முதல் எரிசக்தித் திறன் செயலகம் இயங்கி வருகிறது. கேரளத்தில் இச்சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு, 1996இல் தொடங்கப்பெற்ற எரிசக்தி மேலாண்மை மையத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு பயன் தருகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை ஆராய, தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் ஏற்ற களமாகும். மின் உற்பத்தி, ஆலைத்தொழில், மலைத்தோட்டப் பயிர், கிணற்றுப் பாசனம் ஆகிய நான்கையும் இங்கே காணலாம்.

அணைகளின் விலை

கேரளத்தின் நீர்மின் வரலாறு இடுக்கி மலைகளில் 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையத்திலிருந்து தொடங்குகிறது. மூலமற்றத்தில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட இடுக்கி மின்நிலையம் 1976 பிப்ரவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. தலா 130 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்களுடன் அதன் மொத்தத் திறன் 780 மெகாவாட் ஆகும்.

இம்மின்சாரத்திற்கு மலைவாழ் குடியானவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. நீர்த்தேக்கத்திற்காக ஐயப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஏ.கே. கோபாலன் 1961இல் அமராவதியில் உண்ணாவிரதம் மேற்கொண்டார். பாலக்காடு மாவட்டத்தின் சைலண்ட் வேலியில் 120 மெகாவாட் திறனுடன் திட்டமிடப்பட்ட நீர்மின் நிலையம், மழைக்காட்டைக் காக்கும் பொருட்டு 1983இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புதிய அணைக்கு இடமின்றிப் போன மாநிலத்தில், பெருகும் தேவையை எவ்வாறு ஈடு செய்வது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

விளக்குகளில் கிடைத்த விடை

கேரளத்தின் மின் நுகர்வில் ஏறத்தாழப் பாதி வீடுகளுக்கு உரியது. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தேவை உச்சத்தை எட்டுகிறது. அந்நேரத்திற்காகவே வெளிமாநிலங்களிலிருந்து கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்கவும், நீர்த்தேக்கங்களைத் திறக்கவும் நேர்கிறது.

60 வாட் இழை விளக்குத் தரும் வெளிச்சத்தை ஏறத்தாழ 14 வாட் சிறுகுழல் விளக்கே தந்துவிடும். சேமிப்பு 46 வாட். ஒரே நேரத்தில் எரியும் 26 லட்சம் விளக்குகளை இவ்வாறு மாற்றினால் கிடைக்கும் சேமிப்பு, சைலண்ட் வேலியில் திட்டமிடப்பட்ட 120 மெகாவாட்டுக்குச் சமமாகும். 2010இல் மத்திய அரசின் விளக்குச் சேமிப்புத் திட்டத்தின்கீழ், பழைய விளக்கையும் 15 ரூபாயையும் பெற்றுக்கொண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுகுழல் விளக்குகள் கேரள வீடுகளுக்கு வழங்கப்பட்டன. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டமும், 2021இல் விநியோகம் தொடங்கிய இழைவிளக்கில்லாக் கேரளம் திட்டமும் 9 வாட் எல்.இ.டி. விளக்கைப் பரவலாக்கின. மக்களின் வசதி சிறிதும் குறையாமல் தேவை மட்டும் குறைந்தது என்பதே இத்திட்டங்களின் சிறப்பு.

ஆலைகளும் சான்றிதழ்களும்

எரிசக்தியை மிகுதியாக நுகரும் ஆலைகளுக்கென 2012இல் வேறொரு முறை கொண்டுவரப்பட்டது. ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் அலகு உற்பத்திக்கான எரிசக்தி இலக்கு குறிக்கப்படுகிறது. இலக்கைக் கடந்து சேமித்த ஆலை சான்றிதழ் பெறும். தவறிய ஆலை அச்சான்றிதழை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு சான்றிதழ் ஒரு டன் எண்ணெய்க்கு நிகரான எரிசக்தியைக் குறிக்கும். 2015இல் முடிந்த முதற்கட்டத்தில் எட்டுத் தொழில்துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகள் இடம்பெற்றன. ஏறத்தாழ 86.7 லட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான சேமிப்பு கிட்டியது. இது குறித்த இலக்கைவிட அதிகமாகும்.

ஆயினும் இம்முறை பெரிய ஆலைகளையே தழுவுகிறது. பாலக்காட்டின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் மின் உலைகளில் இரும்பை உருக்கும் ஆலைகள் உள்ளன. ஒரு டன் எஃகை உருக்கக் கோட்பாட்டளவில் 400 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் போதும். நடைமுறையிலோ சுமார் 600 யூனிட் செலவாகிறது. உலையின் மூடியைத் திறந்து வைத்தல், துருவும் மண்ணும் கலந்த பழைய இரும்பு, உருகிய பின் வார்ப்புக்காகக் காத்திருத்தல் ஆகியவை இழப்பின் காரணங்களாகும். இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பெருமுதலீடின்றி, முறையான எரிசக்தித் தணிக்கையைக் கொண்டே குறைக்கலாம்.

ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை

மின்சாரம் மட்டுமே எரிசக்தி அன்று. வண்டன்மேடு முதலிய இடுக்கிப் பகுதிகளில் ஏலக்காயை உலர்த்த விறகு பெருமளவில் எரிக்கப்படுகிறது. பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரம் உண்டு. சந்தைக்கு வரும்போது அது 10 விழுக்காட்டு அளவில் இருக்க வேண்டும். அதாவது 100 கிலோ பச்சைக்காயிலிருந்து 78 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். இதற்குத் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 190 மெகாஜூல். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் தருமாகையால், கணக்கின்படி 13 கிலோ விறகு போதும். புகைபோக்கி வழியாகவும், ஓட்டைச் சுவர் வழியாகவும் வெப்பம் வெளியேறுவதால் பல கொட்டகைகளில் இதைப் போல் பல மடங்கு விறகு எரிகிறது. ஈர விறகைத் தவிர்த்து, வெப்பம் கசியாமல் சுவரைக் காத்து, வெளியேறும் சூடான காற்றின் ஒரு பகுதியை மீண்டும் பயன்படுத்தினால் செலவும் குறையும். சோலைக்காடுகளின் மீதான சுமையும் குறையும்.

நீர் இறைப்பும் சலுகைக் கட்டணமும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகள் மழை குறைந்தவை. 1970ஆம் ஆண்டு பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையின்படி சித்தூர்ப்புழைப் பாசனத்திற்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் உரியது. அது எட்டாத நிலங்கள் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியுள்ளன. 2004ஆம் ஆண்டு மதிப்பீட்டிலேயே சித்தூர் ஒன்றியம் நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்படும் பகுதியாக வகைப்படுத்தப்பட்டது.

1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, இழப்பே இல்லையெனில் 0.27 யூனிட் போதும். 30 விழுக்காடு திறனுள்ள பழைய பம்புசெட்டுக்கு 0.9 யூனிட் வேண்டும். 50 விழுக்காடு திறனுள்ளதற்கு 0.55 யூனிட். நீர்மட்டம் கீழே போகப் போக இச்செலவு அதே விகிதத்தில் ஏறும். ஆகவே கால்வாய்க் கசிவைத் தடுப்பதும், ஏரி, குளங்களைத் தூர்வாருவதும்கூட மின்சிக்கனப் பணிகளே.

இங்கேதான் கொள்கையின் சிக்கலான முடிச்சு உள்ளது. சிறு, குறு விவசாயிகளின் பம்புசெட் மின்கட்டணத்தைக் கேரள அரசே வேளாண் துறையின் வாயிலாக ஏற்கிறது. வறட்சிப் பகுதி உழவருக்கு இச்சலுகை இன்றியமையாதது. ஆனால் மின்சாரத்தைச் சேமிப்பதால் அவருக்குத் தனிப் பயன் ஏதுமில்லை. விலை கூடிய நல்ல பம்பு வாங்க வேண்டிய செலவோ அவருடையது. சலுகையை நிறுத்துவது ஏழை உழவரைத் தண்டிப்பதாகும். சலுகையின் ஒரு பகுதியைக் கொண்டு பம்பையே மாற்றிக் கொடுத்தால் அரசுக்கும் உழவருக்கும் ஒருங்கே நன்மை உண்டு. 2019இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் குசும் திட்டத்தில், மின்தொடருடன் இணைந்த சூரியசக்திப் பம்புகளின் உபரி மின்சாரத்தை விற்க வழி செய்யப்பட்டுள்ளது. இறைக்காமல் விட்ட நீரும் உழவருக்கு வருமானமாக மாறக்கூடும். அவ்விணைப்பு இல்லாத சூரியசக்திப் பம்போ, செலவின்றி இறைக்கலாம் என்ற எண்ணத்தை வளர்த்து நீர்மட்டத்தை மேலும் தாழ்த்திவிடக்கூடும்.

முடிவுரை

இவ்வனுபவங்களிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, சேமிப்பின் பயன் அதற்காகச் செலவு செய்பவரையே சென்றடைய வேண்டும். விளக்குத் திட்டம் வென்றதற்கும் பம்புசெட் சீரமைப்பு தயங்குவதற்கும் இதுவே காரணம். இரண்டாவது, பெரிய ஆலைகளுக்கு வகுத்த விதிகள் சிறிய உலைகளுக்கும் கொட்டகைகளுக்கும் தாமாகப் பொருந்திவிடா. அங்கு தணிக்கை, செயல்விளக்கம், எளிய கடன் ஆகியவை வேண்டும். மூன்றாவது, விறகையும் நீரையும் விடுத்து மின்சாரத்தை மட்டும் கணக்கிடும் திட்டம் குறையுடையது.

2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கரிம வரவுச் சந்தைக்கு வழி வகுத்துள்ளது. அச்சந்தையின் பயன் கஞ்சிக்கோட்டு உலைத் தொழிலாளிக்கும், வண்டன்மேட்டு ஏல விவசாயிக்கும், கொழிஞ்சாம்பாறை உழவருக்கும் எட்டுமாறு செய்வது நிர்வாகத்தின் கடமை. வீணாகாத ஒவ்வொரு யூனிட்டும் எந்தக் குடும்பத்தையும் இடம்பெயர்க்காமலும், எந்தக் காட்டையும் மூழ்கடிக்காமலும் கிடைத்த மின்சாரம் ஆகும்.