கூட்டிப் பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம்

பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் குரல்பதிவைக் கேட்டேன். 400 மீட்டர் ஓட்டத்துக்காகப் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் அடுத்த ஆண்டு நான்காம் படிவத்துக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து வலைப்பந்து டீச்சர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஹாக்கி சார் "சீக்கிரம் ஒரு முடிவு பண்ணு" என்கிறார். உங்கம்மா ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு, எஸ்பிஎம் தேர்வு என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் நீ கேட்டது ஒரே கேள்விதான்: "அத்தை, எதை விடட்டும்?" நானும் குரலிலேயே பதில் அனுப்பியிருந்தால் வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கேட்டு முடித்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு எதையும் விடாதே. விளையாட்டுப் பள்ளிக்கும் இப்போது போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், அதற்கப்புறம் நீ மறுத்துப் பேசு.

400 மீட்டர் என்பது ஜிம்னாஸ்டிக்ஸ் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் பதினைந்து வயதில் முழுமூச்சாக இறங்காதவளுக்கு வண்டி போய்விட்டது என்று சொல்லலாம். 400 ஓடுகிற பெண்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டித்தான் தங்கள் சிறந்த நேரத்தை எட்டுகிறார்கள். உனக்குப் பதினைந்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரையாவது தள்ளிப்போடுங்கள் என்றது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, முக்கிய விளையாட்டை விட்டு விலகியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் ஊரில் இதைச் சொன்னால் பயிற்றுநர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எல்லிஸ் பெர்ரியைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 2007-இல் பதினாறு வயதுப் பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே ஆஸ்திரேலியாவின் கிரிக்கெட் அணிக்கும் கால்பந்து அணிக்கும் சில வார இடைவெளியில் ஆடத் தொடங்கியவள். இரண்டிலும் உலகக் கோப்பை ஆடியவள். 2012-இல் அவள் ஆடிய கால்பந்துக் கிளப், கால்பந்துக்கே முதலிடம் கொடு என்று கேட்டது. அவள் கிரிக்கெட்டை விடவில்லை, அந்தக் கிளப்பை விட்டாள். பிறகு வேறொரு கிளப்பில் ஆடினாள். கடைசியில் கிரிக்கெட்டுக்கே வந்து சேர்ந்தாள் என்பது உண்மைதான். ஆனால் யாரோ ஒருவருடைய போட்டி அட்டவணைக்காக வந்து சேரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் பண்டமாரானிலேயே பார்த்தோமே. 2025 ஜனவரியில் பாயுமாஸ் திடலில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை நடந்தபோது மலேசியாவை இந்தியா 31 ஓட்டத்துக்குச் சுருட்டியது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தொடக்க ஆட்டக்காரியாக வந்து மூன்று ஓவருக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போன இருவரில் ஒருத்தி மதுரைப் பிள்ளை கமலினி. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 அடித்தவள். அதற்கு முந்தின டிசம்பரில் நடந்த இந்திய மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், பதினாறு வயதில், மும்பை அணி அவளை 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. அவள் சின்ன வயதில் சக்கரக் காலணி போட்டு ஸ்கேட்டிங் பழகியவள். அந்தச் சமநிலை எங்கே போய்விடும்? விக்கெட் கீப்பராகக் குனிந்து எழுகிற காலில்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம், எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்.

இப்படிச் சொன்னதும் மூன்றையும் ஆடிக்கொண்டே இரு என்று அத்தை சொல்லிவிட்டாள் என்று குதிக்காதே. நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

திங்களும் புதனும் திடல்தடம். செவ்வாயும் வியாழனும் வலைப்பந்து. வெள்ளி ஹாக்கி. சனிக்கிழமை ஏதாவது ஒரு போட்டி. மாநிலத் தேர்வு நெருங்கினால் ஞாயிறும் போய்விடும். ஓட்டப் பயிற்றுநரைக் கேள், "வாரத்துக்கு ரெண்டே நாள்தானே" என்பார். வலைப்பந்து டீச்சரும் அதையேதான் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிற ஆள் ஒருவரும் இல்லை. ஒரே கடனாளிக்கு மூன்று பேர் தனித்தனியாக வட்டி எழுதுகிற கணக்கு இது. உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் கண்டது இதைத்தான். தப்பான விளையாட்டைத் தேர்ந்தெடுத்துக் கெட்டுப்போன பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. முட்டி போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, ஐந்தாம் படிவம் முடிந்த மறுநாளே காலணியைத் தூக்கிப் போட்டுவிட்டு இனி திடல் பக்கமே வரமாட்டேன் என்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாவட்டம், மாநிலம், தேசிய அளவிலான எம்எஸ்எஸ்எம் பள்ளிப் போட்டி என்று எல்லாவற்றிலும் ஓடிய பிள்ளைகள் அவர்கள்.

பலவற்றைச் சேர்த்து ஓடியவர்களும் உண்டே என்பாய். தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணியைப் பற்றி இல்ல விளையாட்டுப் போட்டியன்று மேடையில் யாராவது பேசியிருப்பார்கள், நீ மைலோ லாரிக்கு வரிசையில் நின்றிருப்பாய். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 400 மீட்டர் வைத்ததே அந்த ஆண்டில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூரில் தென்கிழக்காசியத் தீபகற்ப நாடுகளின் சீப் விளையாட்டு நடந்தபோது 200, 400, 800, அப்புறம் 4x100 அஞ்சல் ஓட்டம் என்று நான்கு தங்கம். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400-க்குத் தங்கம். அந்த ஆண்டுதான் தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டன. வீரர் மணி ஜெகதீசன், வீராங்கனை ராஜாமணி. இரண்டு பேரும் தமிழர்கள் என்று நாம் பெருமை பேசுவோம், பேசலாம். நான் கவனிப்பது வேறு. 200-க்கும் 800-க்கும் தேவைப்படுகிற உடம்பு ஒன்றில்லை. ஆனாலும் நான்கையும் ஒரே போட்டியில் ஓட முடிந்தது. நான்கும் ஒரே தடத்தில், ஒரே அட்டவணைக்குள் அடங்கியவை. உன் மூன்று விளையாட்டுக்கும் மூன்று தனித்தனி முதலாளி.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. தினமும் இரண்டே வரி. எத்தனை நிமிடம் ஓடினாய் அல்லது ஆடினாய், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்கி எழுது. ஞாயிறு இரவு கூட்டிப் பார். ஒரு வாரத்துத் தொகை முந்தின வாரங்களைவிடத் திடீரென்று ஏறியிருந்தால், அடுத்த வாரம் யாராவது ஒரு முதலாளிக்கு "இன்னிக்கு முடியாது சார்" என்று சொல்லியே ஆக வேண்டும். வெறும் வாயால் சொன்னால் சோம்பேறி என்பார்கள். நோட்டைக் காட்டு. எண்ணோடு வாதம் செய்வது கஷ்டம்.

அதே நோட்டில் மாதவிடாய்த் தேதியையும் குறித்துவை. இதைப் படித்து நெளியாதே, உங்கம்மா இதைப் பேச மாட்டாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதம் வராமல் நின்றுவிட்டால் உடம்பு கட்டாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும், செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். எலும்பு வலு குறைந்து, அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பில் கீறல் விழும். வேகமாக ஓட எடை குறை என்று எவனாவது சொன்னால் அவன் பேரை எனக்கு அனுப்பு. காலையில் பால் சேர்க்காத வெறும் தே ஓ தேநீரோடு பள்ளிக்குப் போகிற பழக்கம் இன்றோடு முடியட்டும். முட்டை, கடலை, கீரை, நெத்திலி, இதில் எதற்கும் பணக்காரியாக இருக்க வேண்டியதில்லை.

முட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. பாய்ந்து பிடித்ததும் நின்றாக வேண்டும், மூன்று விநாடிக்குள் கொடுத்தாக வேண்டும். ஓடி வந்த வேகம் முழுவதையும் ஒற்றை முட்டி வாங்குகிறது. அங்கே இருக்கிற ஏசிஎல் நார் அறுந்தால் அறுவைச் சிகிச்சை, அப்புறம் ஒன்பது மாதம், ஒரு வருடம். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். தடுக்க வழியும் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் குதித்து மெத்தென்று இறங்குவது, ஒற்றைக்காலில் இறங்கி நிற்பது, முட்டி உள்ளே சாயாமல் பார்ப்பது, பின்தொடைக்கு வலு சேர்ப்பது. பத்துப் பதினைந்து நிமிட வேலை. திடலைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு வார்ம்-அப் முடிந்தது என்பது நம் பள்ளிகளின் வழக்கம், அதை நம்பாதே.

இன்னொன்று. தனியாகப் பயிற்சி தருகிறேன், காரில் கொண்டுபோய் விடுகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்கிற பயிற்றுநர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வேண்டாம். பதக்கத்தைவிட இது முக்கியமா என்று யோசிக்கவே யோசிக்காதே.

எஸ்பிஎம் விஷயத்தில் நான் உங்கம்மா கட்சி. கெடாவின் சிவசங்கரி சுப்பிரமணியம் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஸ்குவாஷ் ஆடியவர். 2022-இல் கார் விபத்தில் பலத்த அடிபட்டு, அந்த ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டையே இழந்தார். மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் திரும்ப ஆட முடியாமல் போயிருந்தால்கூட, கையில் ஒரு பட்டப்படிப்பு இருந்திருக்கும். நம் வீட்டில் விழுந்தால் தாங்க வேறு எதுவும் இல்லை, மா. உங்கப்பா போர்ட் கிள்ளானில் ஓவர்டைம் பார்த்துத்தான் வீட்டை ஓட்டுகிறார்.

பணத்தைப் பற்றி யோசிக்கும்போதுதான் என் வாதம் கொஞ்சம் ஆடுகிறது, மறைக்கவில்லை. விளையாட்டுப் பள்ளியில் நல்ல தடம், முறையான பயிற்றுநர், விடுதிச் சாப்பாடு எல்லாம் உண்டு. அங்கேயும் எஸ்பிஎம் எழுதலாம். செலவு தாங்கவில்லை என்பதுதான் நீ போக நினைக்கும் காரணம் என்றால் என்னிடம் நேராகச் சொல், வேறு மாதிரிப் பேசலாம். ஸ்பைக்ஸ் காலணிக்கு அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். போவது என்றே முடிவானாலும், சேருவதற்கு முன் மூட்டுவலி வந்தால் யார் பார்ப்பார்கள், ஓட்டம் கைகூடவில்லை என்றால் பழைய பள்ளிக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கேட்கும் இடத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

வெயிலில் கறுத்துப் போகிறாள், கால்சட்டையோடு திரிகிறாள், கல்யாணம் கட்டுகிற காலத்தில் என்ன செய்வாள் என்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மூச்சை வீணாக்காதே. தீபாவளிக்கு வரும்போது அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை போட்டி இல்லையென்றால் கோமியுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். விளையாட்டுப் பள்ளியிலிருந்து வந்த கடிதம், மூன்று பேர் கொடுத்த போட்டி அட்டவணை, பள்ளித் தேர்வுத் தேதி எல்லாவற்றையும் எடுத்து வா. பெரிய நாள்காட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்துப் பார்ப்போம். எந்தெந்த வாரம் மூன்றும் மோதுகிறது என்று தெரிந்துவிட்டால் வலைப்பந்து டீச்சரிடம் திங்கட்கிழமை நானே பேசுகிறேன். ஹாக்கி சாரிடம் நீதான் பேச வேண்டும்.

அன்புடன்,
அத்தை