ஓய்வும் பயிற்சியே

நவராத்திரி நெருங்கும்போது ஆரியசாலை ஒரு விருந்தினரை எதிர்நோக்கும். குமரி மாவட்டத்து வேளிமலையிலிருந்து வரும் குமாரசுவாமி, விழா முடியும்வரை ஆரியசாலை தேவி கோயிலில் எழுந்தருளியிருப்பார். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து புறப்படும் அவ்வூர்வலம் திருவனந்தபுரத்தை ஒரே நாளில் அடைவதில்லை. முதல் இரவு குழித்துறையிலும், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாளே நகரை வந்தடைகிறது. இடையில் தங்குவதால் பயணம் கெடுவதில்லை. சுமப்போர் களைப்பாறுவதால் அது இனிதே நிறைவேறுகிறது.

உடலை வலுவாக்கும் முயற்சிக்கும் இம்முறை பொருந்தும். கூடைப்பந்து ஆடுவோர் ஓடவும், உயரத் தாவவும், விரைந்து திரும்பவும் வேண்டும். அதற்குத் தொடை, கெண்டைக்கால், இடுப்பு, தோள் ஆகியவற்றின் தசைகள் உறுதியாக இருத்தல் இன்றியமையாதது. அணித்தேர்வு நெருங்கியதும் மாணவர் சிலர் காலையும் மாலையும் இடைவிடாது பயிற்சி செய்கின்றனர். தேர்வு நாளிலோ முழங்கால் வலியுடன் களத்தின் ஓரத்தில் அமர நேர்கிறது. உழைப்பில் குறையில்லை, ஓய்வில்தான் குறை.

பயிற்சி செய்யும் நேரத்தில் தசை வளர்வதில்லை. கடும் பயிற்சியால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பின்னர் உடல், உணவிலிருந்து பெறும் புரதத்தைக் கொண்டு அவற்றைச் செப்பனிடுகிறது. அப்போதே தசை முன்னிலும் வலிமை பெறுகிறது. ஆதலால் ஒரே தசைக்கு மீண்டும் கடும் பயிற்சி அளிக்கும்முன் ஏறத்தாழ 48 மணி நேரம் இடைவெளி தேவை. திங்களன்று கால்களுக்குப் பயிற்சி செய்தால், செவ்வாயன்று பந்து எறிதலைப் பழகலாம். புதனன்று மீண்டும் கால்களுக்குத் திரும்பலாம். வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும்.

புதிய பயிற்சிக்குப்பின் தசையில் தோன்றும் வலி சில நாட்களில் தணியும். மூட்டில் வீக்கமோ, நடக்கும்போது நொண்டலோ காணப்பட்டால் அது வேறு வகை. வளரும் பருவத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் வளர்முனை மென்மையாக இருக்கும். மிகுதியாகத் தாவுவதால் அவ்விடம் நோகும். அவ்வலியை மறைத்து ஆடுவது வீரமன்று. ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கூறுவதே அறிவுடைமை.

50 கிலோ எடையுள்ள இளம் ஆட்டக்காரருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் கொண்டைக்கடலை, சிறுபயறு, நிலக்கடலை ஆகியனவும், பால், மீன் ஆகியனவும் புரதம் மிக்கவை. புட்டும் கடலைக்கறியும் பயிற்சிக்குப்பின் உண்ணத்தக்க நல்லுணவு. விலையுயர்ந்த புரதப்பொடி தேவையில்லை. 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். இரவில் கைப்பேசிக்குக் கொடுக்கும் நேரம், தசையிடமிருந்து பறித்த நேரமாகும்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை ஏற்றார். 18 ஆண்டுகள் நாட்டுக்காக விளையாடினார். தாயான பின்னரும் களத்திற்குத் திரும்பினார். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரே பருவத்தில் உடலைத் தேய்த்துவிடுவோர்க்கு இத்தகைய நெடும்பயணம் வாய்ப்பதில்லை. ஓடத் தெரிந்தவர் பலர்; நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தவரே நெடுந்தொலைவு செல்கின்றனர்.

பயிற்சி

1. நவராத்திரி ஊர்வலம் எவ்வெவ்விடங்களில் தங்குகிறது?
2. தசை எப்போது வலிமை பெறுகிறது? ஏன்?
3. தசைவலிக்கும் மூட்டுவலிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. 'செப்பனிடு', 'இன்றியமையாதது' ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
5. பயிற்சி, உணவு, உறக்கம், ஓய்வு ஆகியன அடங்கிய ஒரு வார அட்டவணை வரைக.