இறுகிய போல்ட்டை முறியாமல் கழற்றுதல்

விட்டுவந்த தோட்டக் காணியைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் பல, மாரிமழையில் நனைந்து கிடந்த நீரிறைக்கும் இயந்திரத்தையும் அங்கே காண்கின்றன. சிலர் அதை மண்ணில் புதைத்துவிட்டு வந்தவர்கள். கையோடு கொண்டுவந்தவர்களின் இயந்திரமோ தறப்பாளின் கீழ் இருந்தே கறள் ஏறியிருக்கும். பார்வைக்குப் பழைய இரும்பாகத் தெரிந்தாலும், பல வேளைகளில் அதைத் திருத்தி எடுக்கலாம். ஆனால் ஹெட்டைத் திறக்கும் அவசரத்தில் ஒரு போல்ட்டு முறிந்தால், அதை எடுக்கப் பட்டறைக்குப் போக வேண்டும். அதற்குக் காசும் வேண்டும், பயணமும் வேண்டும். எனவே மின்கருவி இல்லாமல், போல்ட்டை முறிக்காமல் கழற்றும் வழியைப் பார்ப்போம்.

இரும்பு கறளாக மாறும்போது பருமன் கூடுகிறது. புரிகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியை அது நிரப்பி, ஆப்பு அடித்தது போல இறுக்கிவிடுகிறது. அலுமினிய உடலில் இரும்புப் போல்ட்டு இருந்தால் ஈரம்பட்டு வெண்ணிறப் பொடி உண்டாகி அதுவும் இறுகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

முதலில் எரிபொருள் தாங்கியைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். பிளக் வயரையும் எடுத்துவிட வேண்டும். பின் கம்பித் தூரிகையால் போல்ட்டின் தலையையும் அடியையும் நன்றாகத் தேய்க்கவும். இரண்டு பங்கு மண்ணெண்ணெயில் ஒரு பங்கு புது ஒயில் கலந்து அடியில் விடவும். கழிவு ஒயில் தடிப்பானது, புரிக்குள் இறங்காது. வெங்காயப் பாத்திக்கு வரம்பு கட்டுவது போலப் போல்ட்டைச் சுற்றிச் சவர்க்காரத்தால் சிறு வரம்பு கட்டினால் எண்ணெய் வழிந்தோடாது. போல்ட்டு பக்கவாட்டில் இருந்தால் நனைத்த சீலையைச் சுற்றிவிடலாம். காலையும் மாலையும் விட்டு, ஒவ்வொரு முறையும் தலையின் மேல் சிறு சுத்தியலால் இருபது முப்பது தட்டு, மெதுவாகத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில்தான் எண்ணெய் கீழே இறங்கும். மூன்று நாள் பொறுப்பது வீணன்று. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயிலேயே இயந்திரம் ஓட்டிய எம்மவருக்கு இந்தப் பொறுமை புதிதுமன்று.

வாய் தேய்ந்த ஸ்பானரைத் தொடவே வேண்டாம். ஆறு மூலையும் பிடிக்கும் றிங் ஸ்பானரோ சொக்கற்றோ நல்லது. முதலில் கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கமாகச் சற்று அழுத்துங்கள். கறள் வெடித்து விடுவது பெரும்பாலும் அப்போதுதான். பிறகு இடப்பக்கமாகத் திருப்புங்கள். சுழலும் பாகங்களில் சில நட்டுகள் எதிர்ப்புரி கொண்டவை. சைக்கிளின் இடப்பக்கப் பெடல் அப்படிப்பட்டதுதான். ஆகவே வெளியே தெரியும் புரியைப் பார்த்துவிட்டே பலம் கொடுக்க வேண்டும்.

ஸ்பானரில் நீண்ட பைப்பைச் செருகி நெம்புவது எம்மிடையே வழக்கம். தடித்த போல்ட்டுக்கு அது சரி. 12 அல்லது 13 இலக்க ஸ்பானர் பிடிக்கும் 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டுக்கு அது கூடாது. கழலும் போல்ட்டு 'டக்' என்று விடும். ஓசையின்றி இளகியது போலத் திரும்பினால் அது கழலவில்லை, முறுகுகிறது. உடனே நிறுத்தி மீண்டும் எண்ணெய் விடுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் சூடு வேண்டும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே அலுமினிய ஹெட்டில் சீலையைப் போட்டுக் கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றினாலே பிடி தளரும். பிளக் துளையையும் மற்றத் துளைகளையும் முன்பே அடைத்துவிட வேண்டும். வார்ப்பிரும்புப் பாகத்தில் திடீரென ஊற்றக்கூடாது, வெடித்துவிடும். அங்கே சிரட்டைக் கரியில் சிவக்கக் காய்ச்சிய தடித்த கம்பியைப் போல்ட்டின் தலையில் ஊன்றிப் பிடிக்கலாம். சூடேறியதும் மெழுகுதிரியை அடியில் தொட்டால் மெழுகு உருகிப் புரிக்குள் ஓடும். எண்ணெயை நன்றாகத் துடைத்த பின்னரே இதைச் செய்யுங்கள். மீளக் குடியேறிய காணியில் கண்ட இடத்தில் நெருப்பு மூட்டவும் வேண்டாம். மண்ணுக்குள் வெடிபொருள் கிடக்கக்கூடும். கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்பட்ட இடமே தகும்.

அசைந்ததும் ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, இடையில் எண்ணெய் என்று வர வேண்டும். தலை உருண்டுவிட்டால் எதிரெதிராக இரு பக்கத்தை அரத்தால் தட்டையாக்கிச் சிறிய ஸ்பானரைப் போடலாம். முறிந்தே போனாலும், துண்டு வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பி எடுப்பார்கள். மட்டத்தோடு முறிந்தால் நாம் உளியால் குத்துவது துளையையே பழுதாக்கும். அதை லேத் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

திரும்பப் பூட்டும்போது புரியைத் துடைத்துச் சிறிது கிறீஸ் தடவுங்கள். அடிமூடிய துளைக்குள் ஒயிலை நிரப்பக்கூடாது. ஹெட் போல்ட்டுகளை வரிசையாக அல்லாமல் குறுக்குக்குறுக்காக, இரண்டு மூன்று தடவையில் இறுக்க வேண்டும்.