சிங்கப்பூர் – நியூயார்க்: 18 மணி நேரம் எங்கே போகிறது?

உலகின் மிக நீளமான இடைநில்லா விமானப் பயணங்களில் ஒன்று சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.வுக்குப் போவது. அந்தத் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

1. தூரம்

சாங்கி: வடக்கு 1.36°, கிழக்கு 103.99°. ஜே.எஃப்.கே.: வடக்கு 40.64°, மேற்கு 73.78°. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77°. கிட்டத்தட்ட 180°! அதாவது இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படியென்றால் குறுக்குவழி, வட துருவத்தை ஒட்டித்தான் போகும்.

சாங்கியிலிருந்து துருவம் வரை 90 − 1.36 = 88.64°. அங்கிருந்து ஜே.எஃப்.கே. வரை 90 − 40.64 = 49.36°. மொத்தம் 138°. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்றால், சுமார் 15,345 கி.மீ. அவ்ளோதான், கால்குலேட்டரே வேண்டாம்.

எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் சூத்திரம் இது:

காஸ் θ = சைன் அ₁ × சைன் அ₂ + காஸ் அ₁ × காஸ் அ₂ × காஸ் (தீ)

அ₁, அ₂ அட்சரேகைகள். 'தீ' தீர்க்கரேகை வித்தியாசம். இதில் போட்டால் θ = 137.95°. விடை ஏறக்குறைய அதேதான்.

2. நேரம்

இந்தத் தடத்தில் பறக்கும் ஏ350-இன் வேகம் மாக் 0.85. 11 கி.மீ. உயரத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 295 மீட்டர். ஆக, மணிக்கு 900 கி.மீ. 15,345-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் 18 மணிக்கு மேல் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சுற்றுவழி எல்லாம் அதில் சேர்த்தி.

இன்னொரு விஷயம், காற்று. பசிபிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் வீசுகிறது. 16,500 கி.மீ. சுற்றிப் போனாலும், சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் பின்காற்று தள்ளினால் 16½ மணியில் முடிந்துவிடும். தூரம் கூடுது, நேரம் குறையுது! அரை மணி மிச்சமானால் டன் கணக்கில் எரிபொருளும் மிச்சம்.

வான்வெளி மூடினால் இதற்கு நேர்மாறு. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமானது.

3. கடிகாரம்

ஜனவரியில் நியூயார்க், சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நள்ளிரவு 12-க்குக் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 5.30. டிக்கெட்டில் வெறும் ஐந்தரை மணி நேரப் பயணம் மாதிரி தெரியும். மேற்படிப்புக்கு டிக்கெட் போடும்போது இரண்டு நேரத்தையும் நேரடியாகக் கழிக்காதீர்கள். பயண நேரம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

சென்னை (வ 13.0°, கி 80.2°) – சிகாகோ (வ 42.0°, மே 87.9°). துருவக் கணக்கு இங்கே 100 கி.மீ.க்கு மேல் கூடுதலாகக் காட்டும். சூத்திரத்தில் 13,780 பக்கம் வரணும். வருதா, பாருங்கள்!