மேரிலாந்தில் மத சுதந்திரம்: கொடுத்தவரே இழந்த கதை

ஞாயிறு காலையில் கோவில் மணி அடித்ததும் குடும்பமாகப் பூசைக்குப் போகிறோம். பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புகிறோம். இவை ஒரு காலத்தில் சட்டப்படி குற்றங்களாக இருந்தன என்பதை நாம் நினைப்பதில்லை. ஆங்கிலேய முடியின் கீழிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில், அதிலும் ஒரு கத்தோலிக்கரே நிறுவிய மேரிலாந்தில், நடந்தவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

கடல் கடந்த காரணம்

எலிசபெத் அரசியின் காலத்தில் இங்கிலாந்துக் கத்தோலிக்கர் மீது கடுஞ்சட்டங்கள் இறங்கின. 1581ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு ஏற்படுத்திய சபையின் வழிபாட்டுக்குப் போகாதவர் மாதத்துக்கு 20 பவுண் தண்டம் இறுக்கவேண்டும். 1585ஆம் ஆண்டுச் சட்டமோ, குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை விதித்தது.

இத்தகைய நாட்டில் அரசனின் செயலாளராயிருந்த ஜோர்ஜ் கல்வேட், கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்று 1625இல் பதவியைத் துறந்தார். பால்டிமோர் பிரபு எனப்பட்ட இவர், அமெரிக்காவில் ஒரு குடியேற்றம் அமைக்க முதலாம் சார்ள்ஸ் மன்னனிடம் உரிமை கேட்டார். உரிமைப் பத்திரம் கைக்கு வருமுன் 1632இல் அவர் காலமானார். அதே ஆண்டு அவருடைய மகன் சிசில் கல்வேட் அதைப் பெற்றார். கத்தோலிக்கரான அரசி என்றியற்றா மரியாவின் பெயரால் அந்நிலம் மேரிலாந்து எனப்பட்டது.

'பேழை', 'புறா' என்று பொருள்படும் பெயர்கொண்ட இரு கப்பல்கள் 1633 நவம்பரில் புறப்பட்டன. வந்தவர்கள் ஏறக்குறைய 140 பேர், பெரும்பாலோர் புரட்டஸ்தாந்தர். 1634 மார்ச் 25ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளில், யேசு சபைக் குருவான அன்ட்ரூ வைற் சுவாமிகள் சென்ற் கிளெமென்ற் தீவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பின்னர் அவர் பிஸ்கற்றவே என்னும் பூர்வீகக் குடிகளின் மொழியைக் கற்று, அம்மொழியில் ஞானோபதேசம் எழுதி, 1640இல் அவர்களுடைய தலைவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

புகையிலையும் வாழ்க்கையும்

புகையிலைச் செய்கையின் பாடு யாழ்ப்பாணத்து வாசகருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேரிலாந்தில் புகையிலையே பணம். கடன், கூலி, வரி, தண்டம் யாவும் புகையிலை இறாத்தலிலேயே கணக்கிடப்பட்டன. சாதாரண குடியானவன் ஓரிரு அறைகள் கொண்ட மரவீட்டில் வசித்து, சோளக் கூழும் பன்றி இறைச்சியும் உண்டான்.

கப்பற்கூலி கொடுக்க வழியற்றவர்கள், அதற்கு ஈடாகப் பல ஆண்டுகள் எசமானுக்கு உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார்கள். தவணை முடியும்போது உடுப்பும், கோடரியும், மண்வெட்டியும், கொஞ்சம் சோளமும் பெற்று விடுதலையாவார்கள். அதற்கு முன்னரே காய்ச்சலால் மாண்டவர் பலர். யேசு சபையாரின் ஒப்பந்தப் பணியாளராக வந்த மத்தியாஸ் டி சூசா என்னும் ஆபிரிக்க வம்சத்தவர், தவணை முடிந்து சுதந்திர மனிதனாகி, 1642ஆம் ஆண்டுச் சட்டசபையில் அமர்ந்தார்.

ஆனால் மார்கிறட் பிறென்ற் என்னும் கத்தோலிக்க மாதுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தேசாதிபதி லெனாட் கல்வேட் 1647இல் இறந்தபோது தம் சொத்துக்களின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். சம்பளம் கிடையாமல் கலகஞ் செய்ய எழுந்த போர்வீரருக்குச் சம்பளம் கொடுத்து நாட்டைக் காத்தவரும் அவரே. 1648இல் சட்டசபைக்குச் சென்று வாக்குரிமை கேட்டார். மறுக்கப்பட்டது.

1649ஆம் ஆண்டுச் சட்டம்

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அதன் பொறி மேரிலாந்திலும் விழுந்தது. 1645இல் ஆயுதந்தாங்கிய கூட்டமொன்று குடியேற்றத்தைச் சூறையாடியது. வைற் சுவாமிகள் விலங்கிடப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாமாக வரவில்லை, பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டேன் என்று வாதாடி விடுதலை பெற்றாரெனினும், மேரிலாந்தை அவர் மீண்டும் காணவில்லை.

அதன்பின், 1649 ஏப்ரலில், மேரிலாந்துச் சட்டசபை புகழ்பெற்ற மதச் சட்டத்தை நிறைவேற்றியது. யேசு கிறிஸ்துவை விசுவசிப்பதாகக் கூறும் எவரையும் அவருடைய மதத்தின் பொருட்டுத் தொந்தரவு செய்யலாகாது என்பது அதன் சாரம். பிறரை மதத்தின் பெயரால் இழித்து அழைப்போருக்கு 10 சிலிங் தண்டம். அதிற் பாதி, இழிவுபட்டவருக்கே உரியது. மசச்சூசெற்ஸ் குடியேற்றம் யேசு சபைக் குருக்கள் நுழைவதை 1647இல் தடைசெய்திருந்தது; அங்கேயே 1660இல் மேரி டயர் என்னும் குவேக்கர் மாது தூக்கிலிடப்பட்டார். இவற்றோடு ஒப்பிட்டால் மேரிலாந்துச் சட்டத்தின் அருமை விளங்கும்.

ஆனாலும் அச்சட்டத்தில் குறையுமுண்டு. பரிசுத்த திரித்துவத்தை மறுப்பவருக்கு அது மரண தண்டனை விதித்தது. கிறிஸ்தவரல்லாத யூதருக்கு அதில் பாதுகாப்பில்லை.

வீடே கோவிலாக

மேரிலாந்துக்கு வந்து குடியேறிய பியூரித்தானியர் ஆட்சியைப் பிடித்து, 1654இல் இச்சட்டத்தை நீக்கினர். சில ஆண்டுகளில் அது மீண்டது. 1689இல் நடந்த புரட்சியோடு கல்வேட் குடும்பத்தின் ஆட்சி கவிழ்ந்தது. 1702இல் அங்கிலிக்கன் சபை அரச சபையாயிற்று. அதன் செலவுக்குத் தலைக்கு 40 இறாத்தல் புகையிலை வரி. கத்தோலிக்கரும் இதைக் கட்டவேண்டியிருந்தது.

1704ஆம் ஆண்டுச் சட்டமோ குருக்கள் திருப்பலி ஒப்புக்கொடுப்பதையும் கத்தோலிக்கரல்லாதோரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும், கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவதையும் தடுத்தது. சென்ற் மேரிஸ் நகரிலிருந்த கோவில் பூட்டப்பட்டது. பின்பு தனியார் வீடுகளில் மட்டும் திருப்பலிக்கு இடமளிக்கப்பட்டது. 1718இல் வாக்குரிமை பறிபோயிற்று. 1756இல் கத்தோலிக்கரின் காணிகளுக்கு இரட்டை வரி விதிக்கப்பட்டது. தங்கள் முன்னோர் பிறருக்குத் திறந்துவிட்ட கதவு தங்கள் முகத்திலேயே சாத்தப்பட்டதை அம்மக்கள் கண்டனர்.

அப்போது விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. குருவானவர் குதிரையேறி வீடு வீடாகச் சென்றார். அவர் வராத நாட்களில் பெற்றோரே பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தனர். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து சென்ற் ஓமர் நகரிலிருந்த யேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பினர். 1748இல் அவ்வாறு சென்ற சார்ள்ஸ் கரோல், சிறுவனாகப் போய் இளைஞனாக 1765இல் தான் ஊர் திரும்பினார்.

ஏறக்குறைய இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒல்லாந்தர் ஆட்சியில் பூசை தடைசெய்யப்பட்டிருந்தது. 1687இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேவ் வாஸ் முனிவர், இரவில் வீடுகளிலே பூசை வைத்து நம் முன்னோரின் விசுவாசத்தை உயிர்ப்பித்ததை நாம் அறிவோம்.

விடுதலையும் விலங்கும்

1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஒரே கத்தோலிக்கர் இதே சார்ள்ஸ் கரோல். அதே ஆண்டு மேரிலாந்தின் புதிய அரசியலமைப்பு கத்தோலிக்கரின் உரிமைகளைத் திருப்பித் தந்தது. அவருடைய உறவினரான ஜோன் கரோல் சுவாமிகள் 1789இல் பால்டிமோரின் முதல் மேற்றிராணியாராக நியமனம் பெற்றார்.

இங்கே கதையை முடித்தால் அது பாதி உண்மையாகிவிடும். 1664இலேயே மேரிலாந்துச் சட்டம் கறுப்பின அடிமைகள் ஆயுள் முழுவதும் அடிமைகளே என்று விதித்திருந்தது. தம் பூசைக்காக ஏங்கிய கத்தோலிக்கக் குடும்பங்களும், யேசு சபையாருங்கூட, அடிமைகளை வைத்துப் புகையிலை பயிரிட்டனர். 1838இல் அச்சபையார் 272 அடிமைகளை விற்ற செய்தி, திருச்சபை வெட்கத்தோடு நினைவுகூரும் ஒன்று. விற்கப்பட்டவர்களும் நம்மைப்போல் ஞானஸ்நானம் பெற்றவர்களே.

துன்புற்றவன் தானாகவே நீதிமானாகிவிடுவதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தனக்கு வேண்டிய உரிமையை அயலானுக்கும் வேண்டுபவனே உரிமையின் பொருளை அறிந்தவன். பிறர் உங்களுக்குச் செய்ய விரும்புவதை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளையும் இதுவே.

குடும்பத்தில் கலந்துரையாட

1. குருவானவர் நீண்ட காலம் வரமுடியாத நிலை ஏற்பட்டால், நம் வீட்டில் விசுவாசம் எவ்வாறு நிலைக்கும்?

2. 1649ஆம் ஆண்டுச் சட்டத்தின் நன்மை யாது? குறை யாது?

3. நமக்குக் கேட்கும் உரிமைகளுள், நம் வீட்டில் வேலை செய்பவருக்கோ அயலவருக்கோ நாம் மறுப்பவை உண்டா?