சூடானா ஸ்டார்ட் ஆகாத அப்பாவோட வண்டி: 48,000 ரூபாய் கடனைத் தவிர்த்த மூணு டெஸ்ட்

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நிறைய பேசியிருக்கோம். ஆனா ஒரு செலவு உண்மையிலேயே எமர்ஜென்சியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். உதாரணம் எங்க வீட்டு வண்டிதான்.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மதுரைக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். 2006 மாடல் டீசல் மினி லாரி. நான் சென்னையில மாசச் சம்பளம். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "தம்பி, பம்ப்பு போயிருச்சாம். 48,000 ஆகும்ங்கிறாங்க. உன்னால முடியுமா?"ன்னு கேட்டார். அப்பா என்கிட்ட பணம் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே மொபைல்ல பர்சனல் லோன் ஆப்பைத் திறந்துட்டேன். 16 சதவீத வட்டி, 24 மாசம், இஎம்ஐ சுமார் 2,350 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 8,400 ரூபாய் வருது.

பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வண்டிக்கு என்னதான்ப்பா பண்ணுது?"

நோய் என்ன?

காலையில வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. மதுரை போய் லோடு இறக்கிட்டு, 20 நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பினா செல்ஃப் மட்டும் அடிக்குது, என்ஜின் பிடிக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஆற விட்டா மறுபடியும் ஸ்டார்ட் ஆகுது.

இதுக்காக அப்பா ஏற்கெனவே புது பேட்டரி போட்டுட்டார், 7,200 ரூபாய். ஹீட்டர் பிளக் மாத்திட்டார், 3,600 ரூபாய். ஆக மொத்தம் 10,800. நோய் அப்படியே இருக்கு.

இன்னொரு விஷயத்தை அம்மாதான் சொன்னாங்க. மூணு மாசமா அப்பா லோடு இறக்கும்போது வண்டியை ஆஃப் பண்றதே இல்லையாம். தினமும் நாலு மணி நேரம் சும்மா ஓடுது. இந்த அளவு என்ஜின் ஐடிலிங்ல மணிக்கு அரை லிட்டர் குடிக்கும்னு வெச்சுக்கலாம். தினம் 2 லிட்டர், லிட்டர் 92 ரூபாய்னா 184 ரூபாய். மாசம் 25 நாளுக்கு 4,600 ரூபாய். மூணு மாசத்துல 13,800 புகையாப் போயிருக்கு. ரிப்பேர் செலவுக்குப் பயந்து தள்ளிப் போட்டதுக்கு ஆன செலவு இது. எந்த பில்லுலயும் வராது.

செலவே இல்லாம பாதி சந்தேகத்தை அழிக்கலாம்

டீசல் என்ஜின்ல பெட்ரோல் மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நல்லா அமுக்கும்போது வர்ற சூட்டிலேயே டீசல் பத்திக்கும். அதுக்கு மூணு விஷயம் வேணும்: போதுமான அமுக்கம், போதுமான வேகத்துல என்ஜின் சுத்துறது, சரியான அளவு டீசல் உள்ளே போறது.

இப்ப யோசிங்க. ஹீட்டர் பிளக்கோட வேலை, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ண உதவுறது. காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுற வண்டிக்கு அது காரணமா இருக்க முடியாது. என்ஜின்ல அமுக்கம் குறைஞ்சிருந்தாலும் காலையிலதான் அதிகமா மக்கர் பண்ணும். சூட்டுல மட்டும் வர்ற நோய்னா, சூட்டுல மட்டும் மோசமாகுற பாகத்தைத்தான் தேடணும்.

இந்த வகை பழைய வண்டியில அப்படி முக்கியமா ரெண்டு இருக்கு.

ஒண்ணு, டீசல் பம்ப். எங்க வண்டியில இருக்கிறது ரோட்டரி பம்ப். உள்ளே இருக்கிற பாகங்களுக்கு நடுவுல இடைவெளி ரொம்ப ரொம்பக் குறைவு. தேய்ஞ்சா அது பெரிசாகும். சூடான டீசல் தண்ணி மாதிரி இளகிடும், அந்த இடைவெளியில கசிஞ்சிடும், ஸ்டார்ட் பண்ற வேகத்துல போதுமான டீசல் நாசிலுக்குப் போகாது.

ரெண்டு, செல்ஃப் மோட்டாரும் அதுக்குப் போற கேபிளும். செம்புக் கம்பி 50 டிகிரி கூடுதலா சூடானா அதோட மின்தடை சுமார் 20 சதவீதம் ஏறும். ஏற்கெனவே தேய்ஞ்ச மோட்டார்னா சூட்டுல இன்னும் சோர்ந்துடும்.

ஏன் ஆஃப் பண்ணி 20 நிமிஷம் கழிச்சு? ஃபேனும் கூலன்ட் சுழற்சியும் நின்னுடும். என்ஜின்ல இருக்கிற சூடு மெதுவா பம்ப்புக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் ஏறும். ஓடும்போது இருந்ததைவிட அப்பதான் ரெண்டும் அதிகமாச் சூடாகும்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போயிட்டேன்.

டெஸ்ட் 1: காதால் கேட்கிறது. செலவு: 0

காலையில செல்ஃப் அடிக்கிற சத்தத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணேன். ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, 20 நிமிஷம் கழிச்சு மறுபடி ரெக்கார்ட் பண்ணேன். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டா வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சது. சூட்டுல செல்ஃப் மெதுவா இழுக்குது.

இது முக்கியமான தடயம். சூட்டுல ஆயில் இளகியிருக்கும், அதனால என்ஜின் காலையைவிட லேசாச் சுத்தணும். அது மெதுவாச் சுத்துதுன்னா, முதல்ல பார்க்க வேண்டியது கரன்ட் பக்கம். வேகம் நல்லா இருந்தும் பிடிக்கலைன்னாதான் டீசல் பக்கம் போகணும்.

டெஸ்ட் 2: மல்டிமீட்டர். செலவு: 450 ரூபாய், ஒரு தடவைதான்

வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் பிடிச்சிடாம இருக்க பம்ப் மேல இருக்கிற ஸ்டாப் சோலினாய்டு வயரைக் கழட்டி விட்டோம். அப்பா அஞ்சு செகண்ட் செல்ஃப் அடிச்சார், நான் மீட்டரைப் பார்த்தேன்.

பேட்டரி முனைகள்ல 10.3 வோல்ட் நின்னுச்சு. 9.6-க்குக் கீழே இறங்கலைன்னா பொதுவா பேட்டரி பரவாயில்லைன்னு அர்த்தம். அடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொண்ணை என்ஜின் பிளாக்ல சுத்தமான இரும்புலயும் வெச்சு மறுபடி செல்ஃப் அடிச்சோம். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எங்களுக்கு வந்தது 1.3 வோல்ட்!

பேட்டரி கொடுக்குது, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரலை. நடுவுல எர்த் கேபிள் பச்சை பூத்து அரிச்சிருந்தது. 380 ரூபாய்க்குப் புதுசு போட்டோம். பாதி சரியாச்சு. மீதிக்கு செல்ஃப் மோட்டாரைக் கழட்டி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கொடுத்தோம். கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் தேய்ஞ்சு போயிருந்தது. மாத்த 2,900 ரூபாய்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சூட்டுல சாவியைத் திருப்பினா நாலு, அஞ்சு செகண்ட்ல வண்டி ஸ்டார்ட். அப்பா ஆஃப் பண்ணிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் ஸ்டார்ட். ஒண்ணும் சொல்லலை, சும்மா சிரிச்சார்.

டெஸ்ட் 3: ஈரத்துணி. செலவு: 0

இங்கேயே நிறுத்தியிருந்தா நல்ல கதையா முடிஞ்சிருக்கும். ஆனா காலையில ரெண்டு செகண்ட்ல பிடிக்கிற வண்டி, சூட்டுல ஏன் அஞ்சு எடுக்குது?

சூட்டுல நிறுத்தி, டீசல் பம்ப் மேல மட்டும் ஈரத்துணியைச் சுத்தி, கால் மணி நேரம் அடிக்கடி நனைச்சுக்கிட்டே இருந்தோம். அப்புறம் செல்ஃப் அடிச்சா ரெண்டு செகண்ட்ல ஸ்டார்ட். பம்ப்பைக் குளிர வெச்சா நோய் குறையுதுன்னா, பம்ப்பும் தேய்ஞ்சிருக்கு.

அதாவது மெக்கானிக் அண்ணன் சொன்னது பொய்யில்லை. நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல இந்த பம்ப், என்ஜின் வேகத்துல பாதிதான் சுத்தும். செல்ஃப் மெதுவா இழுத்ததால பம்ப்பும் மெதுவாச் சுத்தி, அதோட பலவீனம் பெரிசாத் தெரிஞ்சது. செல்ஃப் சரியானதும் பம்ப்பு சமாளிக்குது. ஒரு நாள் அதுக்கும் செலவு வரும். ஆனா அது இந்த மாசம் இல்லை.

இதுல இருக்கிற பணப் பாடம்

சரியான வரிசையில போயிருந்தா ஆகியிருக்க வேண்டிய செலவு: கேபிள் 380, செல்ஃப் மோட்டார் 2,900, மீட்டர் 450. மொத்தம் 3,730 ரூபாய். யூகத்துல மாத்தின பாகங்களுக்குப் போனது 10,800. பழைய பேட்டரியை யாரும் அளந்து பார்க்கலை, அதனால அது நல்லா இருந்ததா இல்லையான்னு இனி தெரியவே போறதில்லை.

"ஏற்கெனவே இவ்வளவு செலவு பண்ணியாச்சு, பம்ப்பையும் பார்த்துடலாம்"னு தோணுறது இயல்பு. போன பணத்துக்கும் அடுத்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த ரூபாய் எந்தக் கேள்விக்குப் பதில் வாங்கித் தருதுன்னு மட்டும் பாருங்க.

எல்லாத்தையும்விட முக்கியம் இது: டெஸ்ட் பண்ணதால எங்களுக்கு அவகாசம் கிடைச்சது. பம்ப் வேலைக்கு இப்பவே தனியா மாசம் 2,000 ரூபாய் ஆர்டி போட ஆரம்பிச்சுட்டேன். 24 மாசத்துல 48,000. 6.5 சதவீத வட்டின்னா கூடவே 3,300 ரூபாய்க்கு மேல வரும். கடன் வாங்கியிருந்தா அதே 24 மாசத்துல 8,400 நான் கட்டியிருப்பேன். அதே பம்ப், அதே 48,000, ஆனா வித்தியாசம் 11,700 ரூபாய். பம்ப்பு அதுக்கு முன்னாடியே படுத்துட்டா? அதுவரை சேர்ந்தது போக மீதிக்குத்தான் கடன்.

நீங்க செய்யும்போது கவனிக்க

1. செல்ஃப் ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க. நடுவுல ஆற விடுங்க.
2. சூடான பம்ப்புல பச்சைத் தண்ணியை நேரா ஊத்தாதீங்க. திடீர்னு குளிர்ந்தா உள்ளே இறுகிப் போகலாம், விரிசலும் விடலாம். ஈரத்துணி போதும். செல்ஃப் மோட்டார், வயர் மேல தண்ணி படக் கூடாது.
3. ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஹீட்டர் பிளக் இருக்கிற என்ஜின்ல அது நேரம் தவறி வெடிச்சு பிஸ்டனையே உடைக்கலாம்.
4. உங்க வீட்டு வண்டி காமன் ரெயில் டீசல்னா ஈரத்துணி டெஸ்ட்டை நம்பாதீங்க. முதல்ல ஸ்கேனர் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுது, ஆர்பிஎம் காட்டுதான்னு பார்க்கச் சொல்லுங்க. ஆர்பிஎம் வரலைன்னா சூட்டுல செயலிழக்கிற கிராங்க் சென்சார் மேல சந்தேகம். பிரஷர் ஏறலைன்னா, ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புதுன்னு பாட்டில் வெச்சு அளக்கிற டெஸ்ட் இருக்கு. நாலையும் மாத்துறதுக்கு முன்னாடி அதைச் செய்யச் சொல்லுங்க.
5. மெக்கானிக்கிட்ட "எவ்வளவு ஆகும்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "எதை வெச்சு இதுதான்னு சொல்றீங்க அண்ணே?"ன்னு மரியாதையாக் கேளுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமா விளக்குவார்.

இந்த வாரம் ஒரு வேலை. வீட்டுக்கு போன் பண்ணி, வண்டியோ மோட்டாரோ ஃப்ரிட்ஜோ, எது மக்கர் பண்ணியும் உங்ககிட்ட சொல்லாம சமாளிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு கேளுங்க. பெரியவங்க நம்ம சம்பளத்தை நினைச்சு மறைப்பாங்க. மறைக்கிற ஒவ்வொரு மாசமும் பில் இல்லாத செலவு ஓடிக்கிட்டே இருக்கும். அப்பா இப்பல்லாம் லோடு இறக்கும்போது வண்டியை ஆஃப் பண்ணிடுறார்.

மல்டிமீட்டர்ல எர்த் கேபிளை எப்படி அளக்கிறதுன்னு நம்ம சேனல் வீடியோல காட்டியிருக்கேன், பாருங்க.